ஒரு கை போதும்

மார்ச் 4, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு மன்னித்துவிடு. உட்கார்ந்தேன் என்பதுகூடப் பொய். இவருக்கு இந்த மாதம் ஆஸ்பத்திரி லேபில் ராத்திரி ஷிப்ட். சின்னது இப்போதுதான் கண்ணை மூடியது. அறையில் விளக்கைப் போட்டால் எழுந்துகொள்ளும். அதனால் சமையலறையில், அடுப்பு மேடையில் பேப்பரை வைத்து நின்றுகொண்டே எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் திட்டாதே.

"எதுவா இருந்தாலும் எழுதிக் கொடு. நீ கத்தறதைக் கேட்டு நான் முடிவெடுக்க முடியாது"ன்னு போனில் சொன்னாய். சரி, எழுதிக் கொடுக்கிறேன். ஆபீஸ் மெயிலில் போட்டால் உனக்கு முன்னால் முதலாளி பெரியவரின் அறையில் படித்துவிடுவார்கள். அதனால் தினமும் காலையில் இங்கே தொழிற்சாலையிலிருந்து தலைமை அலுவலகத்துக்கு வருகிற சாம்பிள் வண்டியில், ஒட்டிய கவராகக் கொடுத்து அனுப்புகிறேன். டிரைவர் அண்ணன் "என்னம்மா, அக்காவுக்கு லவ் லெட்டரா?" என்று கேட்பார். கேட்கட்டும்.

முதலில் மன்னிப்பு. "உனக்கு ஒரு குழந்தை இருந்தா இப்படிப் பேசுவியா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தேன். அந்த வார்த்தை வாயை விட்டுப் போகும்போதே பிடித்து இழுக்கப் பார்த்தேன், கைக்கு எட்டவில்லை. உன்னிடம் நான் எத்தனையோ பேசியிருக்கிறேன். இது பேசக்கூடாதது. தெரியும்.

நடந்தது இதுதான். சனிக்கிழமை மத்தியானம் சின்னதை நம் கம்பெனிக் குழந்தைக் கட்டிலில் விட்டுவிட்டு, பக்கத்து அறையில் துணி மடிக்கப் போனேன். அது இப்போது எழுந்து நிற்கிறது, சொன்னேன் இல்லையா? மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிரை ஓட்டுகிற மாதிரி எம்பி எம்பிக் குதிக்கும். அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. திடீரென்று 'டக்'. அவ்வளவுதான். நாள் முழுக்கத் தொழிற்சாலையில் கேட்கிற சத்தம். கொக்கி விடுபடுகிற சத்தம். வீட்டில் அதைக் கேட்டதும் என் கால் இரண்டும் தனித்தனியாக ஓடின. போய்ப் பார்த்தால் கட்டிலின் பக்கத் தடுப்பு முழுசாகக் கீழே இறங்கிக் கிடக்கிறது. குழந்தை தலைகுப்புற, நான் காலையிலிருந்து சோம்பேறித்தனமாக மடிக்காமல் போட்டு வைத்திருந்த துணிக் குவியலில். அது சிரித்தது, அக்கா. துணிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தது. நான்தான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைக்கு நான் ஒழுங்கான பெண்ணாக இருந்து துணியை மடித்து வைத்திருந்தால்? அதற்கு மேல் யோசிக்க முடியவில்லை.

நீ முதலில் என்ன கேட்பாய் என்று தெரியும். இரண்டு பக்கமும் கொக்கி போட்டாயா என்பாய். போட்டேன். இரண்டு சத்தம் கேட்டது. கேட்டது என்றுதான் நினைக்கிறேன். சனிக்கிழமை சத்தியம் பண்ணியிருப்பேன். இன்றைக்கு, இந்த மேடையில் நின்றுகொண்டு, ஒரு சத்தமா இரண்டா என்று தடுமாறுகிறேன். அதுவே எனக்குப் பயமாக இருக்கிறது. ஒரு தாய் தடுமாறினாலே விழுகிற கட்டிலையா நாம் விற்கிறோம்?

பழைய கொக்கி உனக்கு நினைவிருக்கும். ஒரு கையால் அழுத்தி மறு கையால் தூக்க வேண்டும். குழந்தை பிறந்து நீ பார்க்க வந்தபோது, சின்னதை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் தாடையால் கொக்கியை அழுத்தினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். சிரித்துவிட்டுப் போனவள் அடுத்த மாதமே ஸ்பிரிங்கை மாற்ற வைத்தாய். நான் பிரசவ விடுப்பு முடிந்து திரும்பும்போது தயாரிப்பு லைனில் மெல்லிய ஸ்பிரிங் ஓடிக்கொண்டிருந்தது. அட்டைப் பெட்டியில் 'ஒரு கை போதும்' என்று பெரிய எழுத்து. பழைய கட்டிலைக் கொடுத்துவிட்டு நானும் அதில் ஒன்றை வாங்கிக்கொண்டேன். என் தாடைக்காக ஒரு கம்பெனியே மாறியது என்று இவரிடம் பெருமையடித்தேன்.

இப்போது அந்த ஸ்பிரிங்தான் காரணம் என்று நினைக்கிறேன். நான் சோதித்துப் பார்க்கிறவரை விற்பனையை நிறுத்தி வை. நீ விற்பனைத் தலைவி, உன் ஒரு வார்த்தை போதும்.

சின்னதைத் தரையில் மெத்தை போட்டுப் படுக்க வைத்திருக்கிறேன்.

வால்


மார்ச் 6

வாலு,

முதலில் குழந்தையை டாக்டரிடம் காட்டு. துணியில்தான் விழுந்தது என்று நீயே முடிவு கட்டாதே.

போனில் சொன்னதைப் பற்றி இனி எழுதாதே. மறந்துவிட்டேன் என்று சொன்னால் நீயே நம்பமாட்டாய். விடு.

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. இதை யார் எழுதியது? தொழிற்சாலையின் தர மேலாளரா, தூங்காத ஒரு தாயா? ஏனென்றால் தர மேலாளர் எனக்கு ஒரு சோதனை முடிவைக்கூட அனுப்பவில்லை. ஒரு சத்தமா இரண்டு சத்தமா என்றே தெரியாது என்று எழுதியிருக்கிறார். இதை வைத்துக்கொண்டு நான் பெரியவர் முன்னால் போய் உட்கார்ந்தால் அவர் என்னைப் பார்த்து என்ன நினைப்பார்? தங்கைக்கு வேலை வாங்கிக் கொடுத்தாள், இப்போது தங்கையின் கனவுக்குப் பலன் சொல்ல வந்திருக்கிறாள் என்றுதானே?

மெல்லிய ஸ்பிரிங் போட்ட கட்டிலும் அதே சோதனையில்தான் தேறியது. விதிப்புத்தகம் கேட்கிற எடை, கேட்கிற குலுக்கல், எல்லாம். சட்டத்துக்கு நாம் ஒரு நூல்கூடக் குறை வைக்கவில்லை. இவ்வளவு வீடுகளில் இருக்கிறது, ஒரு புகாரும் வரவில்லை. அவ்வளவு ஏன், பெரியவரின் சொந்தப் பேத்தி அந்தக் கட்டிலில்தான் தூங்குகிறது. நானே கொண்டுபோய் வைத்தேன். ஆபத்தென்றால் அந்த மனிதர் தன் வீட்டில் வைத்திருப்பாரா?

இந்த மாதம் பெரிய கடைக்காரர்கள் கையெழுத்துப் போட வருகிறார்கள். அவர்களுடைய எல்லாக் கிளைகளிலும் நம் கட்டில். அது நடக்காவிட்டால் உன் லைனில் இனி இரண்டாவது ஷிப்ட் கிடையாது. உனக்குத் தெரியாததா? பயத்தில் எடுப்பதற்குப் பெயர் முடிவு இல்லை. கல்லூரியில் 'நிர்வாக நெறி' பேப்பரில் முதல் மார்க் வாங்கினவள் நீ. நிதானமாக யோசி. சோதித்துப் பார், எழுது, அப்புறம் பேசலாம்.

தூங்கு முதலில்.

அக்கா


மார்ச் 9, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

குழந்தைக்கு ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். என்னைப் பார்த்துத்தான், "நீங்க சாப்பிடறீங்களா?" என்று கேட்டார்.

தர மேலாளரா தாயா என்று கேட்டிருந்தாய். இரண்டு பேரும் ஒரே ஆள்தான். இருக்கிற கொஞ்சம் தூக்கத்தைப் பங்கு போட்டுக்கொள்கிறோம். ஆனாலும் நீ கேட்டது சுருக்கென்று தைத்தது. அதனால் தர மேலாளரே இந்தக் கடிதத்தை எழுதுகிறார், கேட்டுக்கொள்.

சோதனை அறையில் இருக்கிற மணல் மூட்டையை நீ பார்த்திருப்பாய். அங்கே வேலை பார்க்கிற பிள்ளைகள் அதற்கு மார்க்கரில் கண்ணும் வாயும் வரைந்து, குல்லா போட்டு, 'பாப்பா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். விதிப்புத்தகம் சொல்கிறபடி பாப்பாவைக் கட்டிலில் படுக்க வைப்போம். இயந்திரம் கட்டிலைக் குலுக்கும். கொக்கி நின்றால் தேறியது. எத்தனையோ கட்டில்களை இப்படித் தேற்றி அனுப்பியிருக்கிறேன். என் பாப்பா ஒரு நாளும் எழுந்து நின்றதில்லை, அக்கா. மணல் எப்படி நிற்கும்? ஆனால் வீட்டில் இருக்கிற பாப்பாக்கள் எல்லாம் பல் முளைக்கிற வயதில் எழுந்து நிற்கின்றன. கொக்கிக்குப் பக்கத்திலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிக்கின்றன.

நேற்று சாயங்காலம் ஷிப்ட் முடிந்ததும் பாப்பாவை மேல் கம்பியோடு நிற்கிற மாதிரி கட்டினேன். வெல்டிங் மீசைக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன மேடம், பாப்பாவுக்கு நடை பழக்கறீங்களா?" என்றார். கயிற்றைப் பிடித்து எம்புகிற மாதிரி இழுக்கச் சொன்னேன். இரண்டு பக்கக் கொக்கியும் விழுந்து பூட்டிக்கொண்டதை நானே கையால் தொட்டுப் பார்த்த பிறகுதான். அவர் பாட்டுப் பாடிக்கொண்டே இழுத்தார். ஒன்றும் ஆகவில்லை. எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது, அக்கா சொன்னது சரிதான் போலிருக்கிறது, நாம்தான் பூட்டவில்லை என்று. நிறுத்தச் சொல்ல வாயைத் திறந்தேன். 'டக்.' தடுப்பு சரசரவென்று இறங்கியது. பாப்பா கயிற்றில் தொங்கியது. மீசைக்காரரின் பாட்டு நின்றுவிட்டது.

வேறு கட்டில்களை எடுத்துவந்தோம். சிலது நின்றது. சிலது கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்கியது. பழைய ஸ்பிரிங் போட்டது ஒன்றுகூட இறங்கவில்லை. மீசைக்காரர் போகும்போது, "மேடம், என் மச்சினி வீட்ல இது இருக்கு" என்று மட்டும் சொன்னார். நான் குனிந்து பாப்பாவின் கயிற்றை அவிழ்த்தேன். என்ன சொல்ல முடியும்? கம்பெனி விஷயத்தை வெளியே பேசமாட்டேன் என்று நானும்தானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

இன்னொன்றும் செய்தேன். எங்கள் கீழ் வீட்டுத் தையல்கார அக்காவுக்கு ஊழியர் விலையில் நான் வாங்கிக் கொடுத்த கட்டில் இருந்தது. அவள் பையன் போன வாரம் எழுந்து நின்றானாம், போட்டோ காட்டினாள். நான் போய், "விளம்பரப் படம் எடுக்கணுமாம், ஒரு வாரம் தரீங்களா?" என்று பொய் சொல்லிக் கட்டிலைப் பிரித்து மேலே கொண்டுவந்துவிட்டேன். அவள், "உங்க கம்பெனியில கட்டிலுக்கா பஞ்சம்?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் பையனை இறக்கிவிட்டேன். மற்றவர்களை?

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல் இங்கே மேனேஜர் என்னை வரவழைத்து, என் மேஜையில் ஒரு ஸ்டிக்கர் மாதிரியை வைத்தார். 'இரண்டு கொக்கிகளும் விழுந்ததை உறுதி செய்வது பெற்றோரின் பொறுப்பு.' நான் ஒப்புதல் கையெழுத்துப் போட்டால் நாளையிலிருந்து ஒட்டி அனுப்புவார்களாம். என் கடிதத்தைப் படித்துவிட்டு நீ பெரியவரிடம் பேசியதன் விளைவுதானே இது? நான் உன்னிடம் சொன்ன தடுமாற்றத்தை எடுத்து எனக்கே ஸ்டிக்கராக ஒட்டுகிறீர்கள். கொக்கி விழுந்தாலும் விடுபடுகிறது, அக்கா. இனி ஒரு குழந்தை விழுந்தால் அந்த வீட்டுப் பெண்ணும் அடுப்பு மேடையில் நின்றுகொண்டு, ஒரு சத்தமா இரண்டு சத்தமா என்று வாழ்நாள் முழுக்க யோசிப்பாள். தன் மேல்தான் தப்பு என்று நம்பியே சாவாள். அதற்கு நான் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

அந்தப் பேப்பரில் முதல் மார்க் வாங்கினேன், உண்மைதான். 'இந்த நிலையில் மேலாளர் என்ன செய்ய வேண்டும்?' என்று கேட்பார்கள். பக்கம் பக்கமாக எழுதுவேன். அந்தக் கேள்வியில் வருகிற மேலாளருக்கு அக்கா கிடையாது. வீட்டு வாடகை கிடையாது. லைனில் நிற்கிறவர்களின் முகம் கிடையாது.

சொல். என்ன செய்யட்டும்?

வால்


மார்ச் 11

வாலு,

அவசரமாக எழுதுகிறேன். மீட்டிங்குக்கு நடுவில்.

பெரியவரிடம் நான் உன் கடிதத்தைக் காட்டவில்லை. நம்பினால் நம்பு. 'கொக்கி சரியாக விழாவிட்டால் ஆபத்து என்று தொழிற்சாலையில் சொல்கிறார்கள்' என்று மட்டும் சொன்னேன். உன் பெயர் வரக்கூடாது என்றுதான் அப்படிச் சொன்னேன். அந்த ஸ்டிக்கர் யோசனை வக்கீலுடையது. சொன்னது யார் என்று பெரியவர் அடுத்த நிமிஷமே கண்டுபிடித்துவிட்டார். "உன் தங்கச்சியா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அவர் சிரித்தால் நல்லதுக்கில்லை, உனக்கே தெரியும்.

மணல் மூட்டையை நிற்க வைத்துக் கட்டுகிற சோதனை எந்தப் புத்தகத்திலும் இல்லை. நீயாக ஒன்றைக் கண்டுபிடித்து, அதில் நம் கட்டில் தேறவில்லை என்றால், உலகத்தில் எந்தக் கட்டில்தான் தேறும்? இதைத்தான் அவர்கள் கேட்பார்கள். நான் கேட்கவில்லை, அவர்கள் கேட்பார்கள்.

வெள்ளிக்கிழமை பெரிய கடைக்காரர்கள் கையெழுத்து. அதற்கு முன் ஸ்டிக்கருக்கு உன் ஒப்புதல் வேண்டும் என்கிறார்கள். போட்டுவிடு. அதன் பிறகு நானே பழைய ஸ்பிரிங்கை மெல்ல மெல்லக் கொண்டுவருகிறேன். யாருக்கும் தெரியாமல், யாரையும் குற்றம் சொல்லாமல். இரண்டு மூன்று மாதம் போதும். அப்படித்தான் கம்பெனிகளில் நல்லது நடக்கும், சத்தம் போட்டால் நடக்காது. நீ கையெழுத்துப் போடாவிட்டால் போடுகிற வேறு ஒருவரை உன் நாற்காலியில் உட்கார வைப்பார்கள். அவருக்கு நிற்கிற பாப்பாவைப் பற்றி ஒன்றும் தெரியாது. அது நல்லதா?

அந்த ஸ்பிரிங்கை நான் யாருக்காக மாற்றினேன்? தாடையால் கொக்கியை அழுத்தினாயே, அதைப் பார்த்து நான் சிரித்தது உனக்கு நினைவிருக்கிறது. திரும்பி வருகிற வழியெல்லாம் பஸ்ஸில் அழுதது உனக்குத் தெரியாது. ஒத்தைக் கையால் எல்லாவற்றையும் செய்துகொண்டிருந்தாய். உனக்காக ஒன்றுதான் என்னால் செய்ய முடிந்தது. அதையே இப்போது என் கழுத்தில் மாட்டுகிறாய்.

கீழ் வீட்டில் பொய் சொன்னதை எழுதியிருந்தாய். அந்த இடத்தைத் தாண்டிப் படிக்க எனக்கு வெகுநேரம் ஆயிற்று.

கையெழுத்துப் போடு. உன் காலில் விழுந்து கேட்கிறேன் என்று வைத்துக்கொள்.

அக்கா


மார்ச் 13, வியாழன், இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

மறுபடியும் இந்த நேரத்தில்தான். மறுபடியும் அதே மேடை. இன்றைக்கு விளக்கையும் அணைத்துவிட்டு, ஜன்னல் வழியாக வருகிற தெருவிளக்கு வெளிச்சத்தில் எழுதுகிறேன். கீழே வண்டி ஏதாவது நின்றால் எட்டிப் பார்க்கிறேன். யாரும் வரமாட்டார்கள், கம்பெனிக்காரர்கள் என்ன ரவுடிகளா என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனாலும் கதவை இரண்டு தரம் பூட்டிப் பார்த்தேன்.

உன் கடிதம் வந்ததும் கையெழுத்துப் போடத்தான் தீர்மானித்தேன். சத்தியமாக. பஸ்ஸில் அழுதாய் என்று எழுதியிருந்தாயே, அதற்கு மேல் எனக்கு எதிர்த்துப் பேசத் தெம்பில்லை. மெல்ல மெல்ல மாற்றுவாய், நீ சொன்னால் செய்வாய். இன்று காலை பேனாவை எடுத்தேன். மூடியைக் கழற்றினேன்.

அப்போது ஸ்டோர்கீப்பர் வந்து கதவோரம் நின்று தலையைச் சொறிந்தார். "மேடம், ஒரு சந்தேகம். பழைய ஸ்பிரிங் போட்ட கட்டில் ஒண்ணு தனியா பண்ணி அனுப்பச் சொன்னாங்க. போன வாரமே அனுப்பிட்டேன். மெல்லிசு போட்டது ஒண்ணு திரும்பி வந்திருக்கு. அதை எந்தக் கணக்குல வெக்கறது?"

"யாருக்கு அனுப்பினீங்க?"

"பெரியவர் வீட்டுக்கு. பேத்திக் குழந்தைக்கு." குரலைத் தாழ்த்தினார். "ஊருக்கெல்லாம் ஒரு கை போதும், பெரிய வீட்டுக்கு மட்டும் ரெண்டு கை வேணுமாம். பணக்காரங்களுக்கு ரெண்டு கையும் சும்மாதானே இருக்கு!" என்று தன் ஜோக்குக்குத் தானே சிரித்தார்.

"யார் சொன்னது அனுப்பச் சொல்லி?"

"உங்க அக்காதான் மேடம். போன்ல. ஏழாந்தேதியோ என்னவோ. கலர் கொஞ்சம் மங்கிடுச்சு, புதுசு மாத்தித் தரோம்னு அந்த வீட்ல சொல்லியிருக்காங்களாம். யார்கிட்டயும் சொல்ல வேணாம்னாங்க. நீங்க வீட்டு மனுஷிதானேன்னு..."

சோதனை முடிவு இல்லை, நீ தூங்காத தாய் என்று ஆறாந்தேதி எழுதினாய். மறுநாளே அந்தக் குழந்தையை இறக்கிவிட்டாய். நான் பாப்பாவை நிற்க வைத்துக் கட்டும் முன்பே. என் ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு.

நம்பமாட்டாய், முதலில் எனக்குக் கோபம் வரவில்லை. அவ்வளவு நிம்மதி. என் அக்கா என்னை நம்பியிருக்கிறாள். நான் சொன்ன அந்தத் தடுமாற்றத்தைக்கூட நம்பியிருக்கிறாள். ஸ்டோர்கீப்பர் முன்னால் கண் நிறைந்துவிட்டது, தூசி என்று சொன்னேன்.

அவர் போன பிறகுதான் பயம் வந்தது. இதுவரை வந்தது வேறு, இது வேறு. நீயும் நானும் செய்தது ஒன்றுதான், அக்கா. நான் போட்டோ எடுக்க வேண்டும் என்றேன். நீ கலர் மங்கிவிட்டது என்றாய். நமக்கு முகம் தெரிந்த குழந்தைகளை மட்டும் பொய் சொல்லி இறக்கிவிட்டோம். கீழ் வீட்டுப் பையன், பெரியவரின் பேத்தி, என்னுடையது. மற்ற வீடுகளுக்கு ஸ்டிக்கர். சட்டம், விதிப்புத்தகம், புகார் வரவில்லை, இரண்டு மூன்று மாதம் என்று நாம் பேசியதெல்லாம் முகம் தெரியாதவர்களுக்காக வைத்திருக்கிற பேச்சு. நம் ஆள் என்றால் நமக்கு ஒரு நாள் பொறுக்கவில்லை. கொக்கி சரியா தப்பா என்று இனி எந்த மணல் மூட்டையிடம் கேட்க வேண்டும்? நாம் இருவரும் தீர்ப்பு சொல்லியாகிவிட்டது. கையாலேயே.

பேனாவை மூடிவிட்டு எழுந்தேன். லைனை நிறுத்துகிற சிவப்பு அட்டை, என் அறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது இல்லையா? ஆரம்ப நாட்களில் பெரியவரே கொண்டுவந்த வழக்கம். தர மேலாளர் யாரையும் கேட்காமல் மாட்டலாம், மாட்டினவர்தான் கழற்ற வேண்டும். நான் சேர்ந்ததிலிருந்து அதன் மேல் அக்கவுன்டன்டின் குடைதான் தொங்கிக்கொண்டிருந்தது. குடையை எடுத்துக் கீழே வைத்தேன். அட்டை வெயிலில் வெளுத்து ரோஸ் நிறமாகியிருந்தது.

லைன் முனையில் போய் மாட்டினேன். பெல்ட் நின்றது. அப்படி ஒரு அமைதியை அந்தக் கட்டடத்தில் நான் கேட்டதே இல்லை. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். பின்னாலிருந்து ஒரு பையன், "மேடம், இது சிவப்பா ரோஸா? ரோஸ்னா பாதி லைன் ஓட்டலாமா?" என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள். பேக்கிங்கில் இருக்கிற பெரியம்மா சிரிக்கவில்லை. "எத்தனை நாளைக்கும்மா நிக்கும்?" என்றார். அவர் மகனும் மருமகளும் இரண்டாவது ஷிப்டில் இருக்கிறார்கள். "தெரியலைம்மா" என்றேன். வேறு என்ன சொல்ல? மீசைக்காரர் மட்டும் பக்கத்தில் வந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "மச்சினி வீட்டுக் கட்டிலை நேத்தே பிரிச்சிட்டேன் மேடம்" என்றார். அவரும்தான், அக்கா. ஆளுக்கொரு குழந்தையாக இறக்கிக்கொண்டிருக்கிறோம்.

மேனேஜர் ஓடிவந்தார். "என்ன பண்ணிட்டீங்க தெரியுதா? நாளைக்குக் கடைக்காரங்க வராங்க!" கழற்றுங்கள் என்றார். முடியாது என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை, திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. அவராக அட்டையைக் கழற்றக் கை நீட்டினார். நீட்டின கையை மடக்கிக்கொண்டார். அந்த வழக்கத்தை இன்னும் யாரோ மதிக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. நாளை காலை பெரியவர் நேரில் வருகிறாராம்.

சாயங்காலம் கீழ் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். வெளியே பேசமாட்டேன் என்று போட்ட கையெழுத்து இருக்கட்டும். தையல்கார அக்கா கேட்டுக்கொண்டே பையனை மடியில் இழுத்துக்கொண்டாள். "போன வாரமே தெரியுமா?" என்றாள். ஆமாம் என்றேன். "அப்போ எனக்கு மட்டும் ஏன் சொல்லலை?" கதவைச் சாத்திவிட்டாள்.

என்னால் முடிந்தது அவ்வளவுதான், அக்கா. இனி வருகிற கட்டிலை என்னால் நிறுத்த முடியும். வீடுகளுக்குப் போனவற்றை என்னால் கூப்பிட முடியாது. எந்தக் கடைக்கு எத்தனை போனது, யார் வாங்கினார்கள், எல்லாம் உன் கையில்தான் இருக்கிறது. நீ கடைகளுக்குப் போன் பண்ணி, குழந்தையைக் கட்டிலில் விடாதீர்கள், கீழே படுக்க வையுங்கள், கட்டிலைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்று சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும். நான் பத்திரிகைக்குப் போகலாம். அப்படிப் போனால் உன் பெயரும் சேர்ந்து வரும். அதை நினைத்தால் கை ஓடவில்லை. உன்னை விட்டுவிட்டு நல்லவளாக எனக்குத் தைரியம் இல்லை.

பெரியவர் பேத்தி விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. நாளைக்கு அவர் முன்னாலும் சொல்லமாட்டேன். அது நீ சொல்ல வேண்டியது. அவர் கிளம்பும் முன் உன்னைக் கூப்பிட்டு, "உன் தங்கச்சி சொல்றது நிஜமா?" என்று கேட்பார். சிரித்துக்கொண்டே கேட்பார். அந்த நேரத்தில் ஒன்றை மட்டும் நினைத்துக்கொள். நீ ஸ்பிரிங்கை மாற்றியது எனக்காக. அதில் தப்பே இல்லை. என் தாடை இன்னும் உனக்கு நன்றி சொல்கிறது. திரும்ப மாற்றுவதும் எனக்காகத்தான் என்று வைத்துக்கொள்.

சின்னது புரண்டு படுக்கிறது. தரையிலிருந்து எங்கே விழப்போகிறது? ஆனாலும் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

சாம்பிள் வண்டி நாளைக்கு வருமா தெரியவில்லை, லைனே நின்றுவிட்டதே. அதனால் டிரைவர் அண்ணனை விடியும்போதே வீட்டுக்கு வந்து இந்தக் கவரை வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். பெரியவர் உன்னைக் கூப்பிடும் முன் உன் கையில் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். இந்த முறை ஜோக் அடிக்கவில்லை.

அவர் அங்கேயே காத்திருப்பார். போன் பண்ணுகிறாயா இல்லையா என்று ஒரு வரி எழுதி அவரிடமே கொடுத்து அனுப்பு. சீக்கிரம் பதில் எழுது, அக்கா.

வால்